முதியோர் விடுதிகளும் தொற்றுநோயும்

2020-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஸீயாட்டில் நகருக்கு அடுத்த கர்க்லாண்டு என்னும் ஊரிலுள்ள ஒரு முதியோர் பராமரிப்பு விடுதியில், அங்கு வசித்து வந்த ஒரு மூதாட்டிக்குக் கொரோனா வியாதி கண்டிருப்பதாகப் பரீட்சையில் தெரிய வந்தது. அவ்விடுதியில் வசித்தவர்கள் சுமார் 130 பேர். அவர்களுக்குப் பணிவிடை செய்த சிப்பந்திகள் 170 பேர். மூன்று வாரம் நிறைவதற்குள், அதாவது மார்ச்சு 18-ந் தேதிக்குள், விடுதிவாசிகளில் 101 பேரும், சிப்பந்திகளில் 50 பேரும், உறவினரைப் பார்க்க வந்து போனவர்களில் 16 பேரும் இவ்வியாதிக்கு ஆளானார்கள். நோய் கண்ட விடுதிவாசிகளில் மூன்றில் ஒரு பங்கினர், 34 பேர், மாண்டு போயினர். பார்க்க வந்தவர்களிலும் ஒருவர் இறந்தார். அதற்குள் அந்த ஒரு ஜில்லாவிலேயே குறைந்தது 30 பராமரிப்பு விடுதிகளில் நோய் புகுந்துவிட்டது.

அவர்கள் வயது முதிர்ந்தவர்கள், உடல் நலிந்தவர்கள், வந்ததோ உலகம் அறியாத புது வியாதி, இதில் யாரைக் குறை சொல்வது என்று கேட்டு, இந்தச் செய்தியைத் தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ளிவிட்டவர்கள் பல தேசங்களிலும் உண்டு. அந்த அபிப்பிராயத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. வியாதி புதியது என்பது மெய்தான். ஆனால் அது உள்ளே நுழைந்த வழிகள் ஒன்றும் புதியவை அல்ல. வருஷக் கணக்காகத் திறந்து கிடந்தவை. திறந்து கிடப்பதை அதிகாரிகளும் அறிவார்கள், விடுதிகளை நடத்தியவர்களும் அறிவார்கள். இதை நேயர்கள் முன் விளக்கிக் காட்டுவதே இன்று நாம் எழுதுவதன் நோக்கம்.

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவு செய்து கொள்ளுதல் அவசியம். நம் நாட்டில் 'நர்ஸிங் ஹோம்' என்றால், தனிப்பட்ட டாக்டர் ஒருவர் நடத்தும் சிறு ஆஸ்பத்திரி என்றுதான் பொருள் கொள்கிறோம். அமெரிக்காவில் அப்பெயர் குறிப்பது வேறு. எழுந்து நடமாட இயலாதவர்கள், ஞாபகம் தவறியவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், இடுப்பெலும்பு முறிந்து சிகிச்சைக்குப் பின் தேறி வருபவர்கள் ஆகியோரைச் சில வாரங்களோ, ஆயுள் முடியும் வரையோ வைத்துப் பராமரிக்கும் விடுதியே அங்கு நர்ஸிங் ஹோம். அந்நாட்டில் அத்தகைய விடுதிகள் சுமார் 15,000 உண்டு. அவற்றில் வசிப்போர் பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேற்படுவர். பெரும்பாலான விடுதிகள் லாபத்திற்காகக் கம்பெனிகள் நடத்துபவை. ஆனால் அங்கு செலவாகும் பணத்தில் பெரும் பங்கு சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து செல்வது.

இத்தகைய விடுதியில் தொற்று பரவுவதற்கு எத்தனை சௌகரியங்கள் அமைந்திருக்கின்றன என்பதைச் சிறிது ஆலோசிப்போம். அங்கு வசிப்பவருடைய தேகத்தில் வியாதியை எதிர்க்கும் சக்தி குன்றியிருக்கிறது. வாலிபனுக்கு நோய் வந்தால் காய்ச்சல் அடிக்கும், ஊரெல்லாம் அறியும். எண்பது வயதுக் கிழவருக்கு அதே நோய் வந்தால், பல சமயம் காய்ச்சலே காண்பதில்லை. அவர் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகச் சாப்பிடுவார், அல்லது அதிகமாக உறங்குவார், அல்லது பேச்சுத் தடுமாறுவார். அதை வியாதி என்று கண்டுபிடிக்க அவரை நாள்தோறும் பார்த்துப் பழகியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஒரே அறையில் இருவர் மூவர் படுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கூடத்தில் உண்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதும் அங்கிருந்து திரும்பி வருவதுமாகப் போக்குவரத்து ஓய்வதில்லை. ஆஸ்பத்திரியில் வளரும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் கூடவே வருகின்றன.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது பணிவிடை செய்பவரின் கை. காலையில் ஒரு தாதி ஒருவரை எழுப்பி உட்கார வைக்கிறாள். அடுத்தவரின் மலஜலத் துணியை மாற்றுகிறாள். மூன்றாமவரின் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறாள். நான்காமவருக்கு வாயில் ஊட்டுகிறாள். ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும்போது கையைச் சுத்தம் செய்து கொள்ளாவிட்டால், அந்தக் கையே கிருமிக்கு வாகனமாகிறது. இந்த உண்மை நேற்றுக் கண்டதன்று. 1847-ம் வருஷத்திலேயே வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி தம் மாணவர்களைக் கட்டாயப்படுத்தினார். பிரசவ ஜுரத்தால் தாய்மார் சாவது பெரிதும் குறைந்ததைக் காட்டினார். அதற்குப் பின் ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. இன்றும் அந்தப் பாடத்தை முற்றும் கற்றுக்கொண்ட விடுதி எங்கும் அபூர்வமாகவே இருக்கிறது.

நிற்க, கர்க்லாண்டு விடுதியில் என்ன நடந்தது என்பதை அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையத்தாரும் ஜில்லா சுகாதார அதிகாரிகளும் விசாரித்தார்கள். அந்த விடுதியிலும் அதைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் நோய் பரவியதற்கு அவர்கள் கண்ட காரணங்களை நேயர்கள் கவனிக்க வேண்டும். உடம்பு சரியில்லாத நிலையிலேயே சிப்பந்திகள் வேலைக்கு வந்தார்கள். ஒரு விடுதியில் வேலை செய்தவர்களே வேறு விடுதிகளிலும் வேலை செய்தார்கள். முகமூடி, கையுறை, மேலங்கி ஆகியவற்றை எவ்வாறு அணிவது, எவ்வாறு கழற்றுவது என்பதில் போதிய பழக்கம் இல்லை. அந்தச் சாமான்களும், கைக்குத் தடவும் சாராயத் திரவமும் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. நோயைச் சந்தேகிப்பதில் தாமதம் ஏற்பட்டது. பரீட்சை வசதியும் குறைவு.

இக்காரணங்களில் முதல் இரண்டையும் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். காய்ச்சலோடு ஒருவர் ஏன் வேலைக்கு வருகிறார்? லீவு எடுத்தால் அன்றையக் கூலி போய்விடும் என்பதால் வருகிறார். ஒருவர் ஏன் இரண்டு மூன்று விடுதிகளில் வேலை செய்கிறார்? ஒரு விடுதியில் கிடைக்கும் சம்பளம் குடும்பத்திற்குப் போதாமையால் செய்கிறார். பலவிடங்களில் விடுதி நடத்துபவர்களே முழு நேரச் சிப்பந்திகளை நியமித்தால் அவர்களுக்குச் சில சலுகைகள் தர வேண்டி வரும் என்று கருதி, பகுதி நேரச் சிப்பந்திகளைக் கொண்டே காரியத்தை நடத்திக் கொள்கிறார்கள். சிப்பந்திகளில் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களில் கறுப்பு இனத்தவரும் அயல்நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் ஏராளம். கூலிப் பிரச்னை வேறு, சுகாதாரப் பிரச்னை வேறு என்று பிரித்துப் பேசுபவர்களுக்கு இது ஒரு நல்ல பதில். ஒரு தாதிக்கு வியாதிக் காலத்தில் சம்பளத்தோடு லீவு கொடுக்க மறுத்தவர், நூறு கிழவர்களின் படுக்கையருகே வியாதியை அனுப்பி வைத்தவராகிறார்.

இதைச் சரி செய்ய முடியாதா? முடியும் என்பதற்குக் கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அத்தாட்சி. 2020 மார்ச்சு மாதக் கடைசியில், ஒரு சிப்பந்தி ஒரு விடுதியில் மட்டுமே வேலை செய்யலாம் என்று அம்மாகாணத்துத் தலைமைச் சுகாதார அதிகாரி உத்தரவு போட்டார். வெறும் உத்தரவோடு நின்றிருந்தால் ஏழைச் சிப்பந்திகள் பட்டினி கிடந்திருப்பார்கள். மாகாண சர்க்கார் விடுதிகளுக்குள் சம்பள வித்தியாசத்தை நீக்கிச் சம்பளத்தைச் சமப்படுத்தவும் ஏற்பாடு செய்தது. உத்தரவும் ஊதியமும் சேர்ந்து வந்தபடியால் அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

மற்றொரு படிப்பினையும் அதே ஜில்லாவில் கிடைத்தது. வேறொரு விடுதியில், நோயின் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரையும் பரீட்சித்துப் பார்த்தார்கள். பரீட்சிக்கப்பட்ட 76 பேரில் 48 பேருக்குத் தொற்று இருந்தது. அந்த 48 பேரில் 27 பேருக்குப் பரீட்சை நடந்த சமயத்தில் யாதொரு குறியும் இல்லை! அவர்களில் 24 பேருக்குப் பின்னர் குறிகள் தோன்றின. இருமலும் காய்ச்சலும் உள்ளவரை மட்டும் ஒதுக்கி வைத்தால் போதும் என்று நம்பியிருந்த முறை இதனால் தகர்ந்து போயிற்று. நோய் எவரிடமும் இருக்கலாம் என்று எண்ணி, எவரைத் தொட்டாலும் கைச் சுத்தத்தையும் முகமூடியையும் கடைப்பிடிப்பதே தகுந்த வழி என்பது அப்போது நிலைநாட்டப்பட்டது.

சட்டம் இல்லாமையால் இந்த விபரீதம் நேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க விடுதிகளைச் சீர்திருத்துவதற்கென்று 1987-ம் வருஷத்திலேயே காங்கிரஸ் சபை சட்டம் செய்தது. 2016-ம் வருஷத்தில் விதிகள் மேலும் விரிக்கப்பட்டன. ஒவ்வொரு விடுதியும் தொற்றுத் தடுப்புக்கென்று பயிற்சி பெற்ற ஒருவரைப் பகுதி நேரமாவது நியமிக்க வேண்டுமென்றும், 2019 நவம்பர் 28-ந் தேதி முதல் அவ்விதி அமுலுக்கு வருமென்றும் சொல்லப்பட்டது. கர்க்லாண்டில் நோய் வெளிப்பட்டது அதற்குச் சரியாக மூன்று மாதம் கழித்து! அது மட்டுமா? விதி அமுலுக்கு வருவதற்கு முன்பே, 2019 ஜூலை மாதத்தில், விடுதிக்காரர்களுக்குப் பாரமாயிருக்கிறதென்று சொல்லி, 'பகுதி நேரம்' என்ற நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று சர்க்கார் தரப்பிலிருந்தே யோசனை வெளியாயிற்று. சட்டத்தை எழுதிய கையே அதைத் தளர்த்தவும் முற்பட்டால், விடுதி நடத்துபவன் அதை எவ்வளவு மதிப்பான் என்று சொல்ல வேண்டுமா?

சட்டத்தை நிறைவேற்றிய விதமோ இன்னும் விசித்திரமானது. அந்நாட்டுக் காங்கிரஸ் சபையின் கணக்குத் தணிக்கைக் காரியாலயம் 2020 மே மாதத்தில் ஒரு ரிப்போர்ட் வெளியிட்டது. 2013 முதல் 2017 வரையுள்ள ஐந்து வருஷங்களில் பரிசோதனைக்குட்பட்ட விடுதிகளில் நூற்றுக்கு 82 விடுதிகள் ஒரு வருஷத்திலாவது தொற்றுத் தடுப்பு விதிகளை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஏறக்குறையப் பாதி விடுதிகள் அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே குற்றத்தைச் செய்திருந்தன. கை கழுவாமை, நோயாளியைத் தனிப்படுத்தாமை போன்றவையே குற்றங்கள். ஆனால் அவற்றில் நூற்றுக்குச் சுமார் 99 'கடுமையற்றவை' என்று வகைப்படுத்தப்பட்டன. அவ்வாறு வகைப்படுத்தப்பட்டவற்றில் நூற்றுக்கு ஒன்றுக்குத்தான் நடவடிக்கை எடுக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் வருகிறார், குற்றத்தை எழுதிக் கொள்கிறார், விடுதிக்காரர் இனிச் சரியாக நடப்பதாக எழுதிக் கொடுக்கிறார், அடுத்த வருஷமும் அதே குற்றம் எழுதப்படுகிறது. கை கழுவாத குற்றம் கடுமையற்றதென்று மதிப்பிட்டவர்களுக்கு, கொரோனா வந்த பிறகே அதன் கடுமை விளங்கிற்று. அந்நாட்டில் முதியோரையும் அங்கஹீனர்களையும் பராமரிக்கும் விடுதிகளில் வசித்தவர்களும் வேலை செய்தவர்களுமாக இவ்வியாதியால் மாண்டவர்களின் தொகை 2022 பிப்ரவரிக்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதனால் அமெரிக்காவை மட்டும் நாம் குறை கூறுவதாக யாரும் எண்ணலாகாது. பிறருக்கு நாகரிகம் போதிக்கும் உரிமை தமக்கே உண்டென்று நெடுங்காலம் பேசி வந்த இங்கிலாந்தில் நடந்தது என்ன? ஆஸ்பத்திரிகளில் படுக்கைகளைக் காலி செய்ய வேண்டுமென்று, 2020 மார்ச்சு 17 முதல் ஏப்ரல் 15 வரையுள்ள ஒரே மாதத்தில் சுமார் 25,000 பேர் ஆஸ்பத்திரிகளிலிருந்து முதியோர் விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கெல்லாம் தொற்றுப் பரீட்சை கட்டாயமாயிருக்கவில்லை. விடுதிகளில் பரவிய தொற்றில் எவ்வளவு இவ்வழியாக வந்தது, எவ்வளவு சிப்பந்திகள் வழியாக வந்தது என்பதில் நிபுணர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் குறி தோன்றாதவரிடமிருந்தும் நோய் பரவலாம் என்ற அபாயத்தை மந்திரிகள் யோசனைக்கு எடுத்துக்கொள்ளாமல் செய்த அந்த ஏற்பாடு சட்ட விரோதமானதென்று 2022 ஏப்ரலில் லண்டன் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. தந்தையரைப் பறிகொடுத்த இரு பெண்மணிகள் தொடுத்த வழக்கு அது.

கானடாவிலோ முதல் அலையில் கொரோனாவால் இறந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 80 பேர் நெடுங்காலப் பராமரிப்பு விடுதிகளில் வசித்தவர்கள். பணிவிடை செய்ய ஆளில்லாமல் பட்டாளத்தாரை விடுதிகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஒன்டேரியோ மாகாணத்தில் ஐந்து விடுதிகளில் தாங்கள் கண்டதைப் பட்டாளத்தார் ரிப்போர்ட்டாக எழுதினார்கள். 2020 மே மாதத்தில் அது வெளியாயிற்று. கரப்பான் பூச்சிகள் திரிந்த அறைகளையும், உதவி கேட்டுக் கூவியும் நெடு நேரம் எவரும் வராத முதியோரையும், தொற்றுள்ளவரைத் தொட்ட அங்கியோடு தொற்றில்லாதவரிடம் சென்ற சிப்பந்திகளையும் பற்றி அதில் படித்த அந்நாட்டு ஜனங்கள் வெட்கித் தலை குனிந்தார்கள். யுத்த களத்திற்குச் செல்லப் பழகியவர்களே மனம் பதைத்து எழுதிய ரிப்போர்ட் அது.

உண்மையை மறைத்தவர்களும் உண்டு. நியூயார்க் மாகாணத்தில் விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டு அங்கே இறந்த முதியவர்களை, விடுதி மரணக் கணக்கில் சர்க்கார் சேர்க்கவில்லை. விடுதிவாசிகளின் மரணத்தொகை 50 சதவீதம் வரை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று அம்மாகாணத்து அட்டர்னி ஜெனரலே 2021 ஜனவரியில் அறிவித்தார். எண்ணிக்கையை மறைப்பது நோயாளிக்கு மட்டுமன்றி அடுத்த நோயாளிக்கும் செய்யும் துரோகமாகும். எங்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று தெரியாவிட்டால், எந்தக் குறையை முதலில் நீக்குவது என்பதும் தெரியாமற் போகிறது.

இதுவரை சொன்னவை குறைகள். குறைகளை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு ஒதுங்கிக் கொள்வது பத்திரிகையின் கடமையன்று. நிவர்த்தி உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. அதில் பெரும் பகுதி மிகுந்த செலவில்லாததும்கூட. கைச் சுத்தத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருவரைத் தொடுவதற்கு முன்பும், தொட்ட பின்பும், மலஜலமோ இரத்தமோ பட்ட பின்பும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கையுறை போட்டுக்கொண்டால் கை கழுவ வேண்டாம் என்று பலர் நினைப்பது தவறு. கையுறையைக் கழற்றும்போதே கையில் கிருமி படிகிறது. பெரும்பாலான சமயங்களில் சாராயத் திரவம் போதும். ஆனால் மருந்துகளை அதிகமாகச் சாப்பிட்ட முதியோருக்குக் கடும் பேதியை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிஸில் என்ற கிருமியின் வித்துக்கள் சாராயத்திற்குச் சாவதில்லை. அங்கே சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் கதி. இந்த வித்தியாசத்தைக் கடைசிச் சிப்பந்தி வரையில் அறிந்திருக்க வேண்டும்.

மூத்திரக் குழாயினால் வரும் தொற்று மற்றொன்று. சிப்பந்திகளின் வேலை குறைய வேண்டுமென்பதற்காக வேண்டாத முதியவருக்கும் குழாயைப் பொருத்திவிட்டு, எடுக்க மறந்து போவது பல இடங்களிலும் நடக்கிறது. குழாய் அவசியந்தானா என்று அடிக்கடி கேட்பது, அவசியமில்லையேல் எடுத்துவிடுவது, பொருத்தும்போது சுத்த முறையைக் கையாளுவது, சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளிப்பது ஆகிய சாதாரண ஏற்பாடுகளை அமெரிக்காவில் 400-க்கு மேற்பட்ட விடுதிகளில் செய்து பார்த்தார்கள். குழாய் வழித் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டதென்று 2017-ல் அதன் பலன் வெளியாயிற்று.

கலிபோர்னியா மாகாணத்தில் 28 விடுதிகளில் நடந்த பரிசோதனை இதைவிட ரஸமானது. பாதி விடுதிகளில் வழக்கமான குளியல். மற்றப் பாதியில் குளோர்ஹெக்ஸிடின் என்னும் கிருமிநாசினியைக் கொண்டு குளியல்; அதோடு மூக்கினுள் அயோடின் மருந்தைக் குறித்த நாட்களில் தடவுதல். விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்களில் தொற்றின் காரணமாக அனுப்பப்பட்டோர் விகிதம், வழக்கமான குளியல் நடந்த விடுதிகளில் சுமார் 62 சதவீதமாகவே நின்றுவிட்டது. கிருமிநாசினிக் குளியல் நடந்த விடுதிகளிலோ 62.9 சதவீதத்திலிருந்து 52.2 சதவீதத்திற்கு இறங்கிவிட்டது. 2023-ல் வெளியான இந்தப் பலனுக்குப் புது யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வழக்கமாகச் செய்யும் குளியலையே தக்கபடி செய்தார்கள், அவ்வளவுதான்.

ஹாங்காங் நகரம் நமக்கு இரண்டு பாடங்களைச் சேர்த்துக் கற்பிக்கிறது. 2003-ம் வருஷத்து ஸார்ஸ் வியாதியில் அடிபட்ட அந்நகரத்தார், ஒவ்வொரு முதியோர் விடுதியிலும் தொற்றுத் தடுப்புக்கென்று ஓர் அதிகாரியை நியமித்தார்கள், ஒத்திகைகளும் நடத்தினார்கள். அதனால் 2020-ம் வருஷத்தின் முதல் மாதங்களில், மேல்நாட்டு விடுதிகளில் முதியோர் மாண்டு கொண்டிருந்த சமயத்தில், ஹாங்காங் விடுதிகள் நோயின்றி இருந்தன. ஆனால் அந்த வெற்றியே மெத்தனத்திற்கும் காரணமாயிற்று. விடுதி முதியோரில் பெரும்பாலோர் ஊசி குத்திக்கொள்ளாமலே இருந்துவிட்டார்கள். 2022-ம் வருஷத் தொடக்கத்தில் வேகமாகப் பரவும் புது ரகக் கிருமி வந்தபோது அவர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். சுத்தமும் வேண்டும், தடுப்பூசியும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் ஸ்தானத்தை வகிக்க மாட்டாது.

இங்கே ஓர் ஆட்சேபத்திற்குப் பதில் கூறுவது நியாயம். தொற்றுத் தடுப்பு என்ற பெயரால் முதியோரைச் சிறை வைத்தது போல் அடைத்தார்களே, அது நன்மையா என்று கேட்கலாம். கேள்வி முற்றிலும் சரியானது. 2020 மார்ச்சு 13-ந் தேதி அமெரிக்க சர்க்கார் விடுதிகளுக்குப் பார்வையாளர் வருவதை ஏறக்குறைய முற்றாகத் தடுத்தனர். மகனும் மகளும் ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சென்றார்கள். பிற்பாடு சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டு, எந்நேரமும் எல்லோரையும் பார்க்கலாம் என்ற உத்தரவு வருவதற்கு 2021 நவம்பர் ஆயிற்று. அதற்கிடையில் உண்ண மறுத்தும், பேச மறந்தும், தனிமையில் வாடியும் போனவர்களின் துன்பத்தை எந்தப் புள்ளிவிவரமும் முழுவதும் சொல்லாது. ஊட்டிவிடவும் உடல் துடைக்கவும் உதவி வந்த உறவினர் நின்று போனதால், ஏற்கனவே குறைவாயிருந்த சிப்பந்திகளின் சுமையும் அதிகரித்தது. ஆகவே கதவைச் சாத்துவதையே தொற்றுத் தடுப்பென்று நாம் ஒப்பமாட்டோம்.

கதவைச் சாத்தாமல் காக்கும் முறையும் உண்டு. ஆறாத புண்ணுள்ளவர்கள், உணவுக் குழாயோ மூத்திரக் குழாயோ பொருத்தப்பட்டவர்கள், மருந்துக்கு அடங்காத கிருமியைச் சுமப்பவர்கள் ஆகியோருக்கு உடுத்தல், குளிப்பாட்டல், தூக்கி மாற்றுதல், புண் கட்டுதல் முதலிய நெருங்கிய பணிவிடைகளைச் செய்யும்போது மட்டும் சிப்பந்தி மேலங்கியும் கையுறையும் அணிய வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் அமெரிக்க விடுதிகளில் விதிக்கப்பட்டது. அந்த முதியவரை அறையில் அடைப்பதில்லை. அவர் கூடத்திற்கு வரலாம், மற்றவரோடு உண்ணலாம், பேசலாம். கட்டுப்பாடு முழுவதும் சிப்பந்தியின் மேல். முதியவரின் சுதந்திரம் முதியவருக்கே. இதுவே மனிதத் தன்மைக்கு ஒத்த சுகாதாரம் என்பது நமது துணிபு.

ஆனால் இவ்வளவும் செய்வதற்குக் கைகள் வேண்டுமே! முப்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாதியிடம், ஒவ்வொருவரைத் தொடும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய் என்று சொல்வது பரிகாசமாகும். இந்த உண்மையை உணர்ந்துதான், ஒவ்வொரு விடுதிவாசிக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பணிவிடை கிடைக்கத்தக்க அளவு சிப்பந்திகளும், எந்நேரமும் ஒரு ரிஜிஸ்டர் செய்த நர்ஸும் இருக்க வேண்டுமென்று 2024 ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் விதி செய்தனர். விடுதி முதலாளிகள் கோர்ட்டுக்குச் சென்றார்கள். ஆளும் கிடைக்காது, பணமும் கிடைக்காது என்று வாதித்தார்கள். 2025 ஏப்ரலில் டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள சமஷ்டிக் கோர்ட்டு அவ்விதியைத் தள்ளிவிட்டது. ஜூலை மாதத்தில் காங்கிரஸ் சபையே 2034 வரை அதை அமுல் செய்யலாகாதென்று சட்டம் போட்டது. லட்சக்கணக்கான சாவுகள் கற்பித்த பாடம் ஐந்து வருஷங்கூட நினைவில் நிற்கவில்லை!

நமது நேயர்கள், அந்நிய நாட்டு விடுதிகளின் கதை நமக்கெதற்கு என்று கேட்கக்கூடும். தாய் தந்தையரைப் பேணுவது நமது தர்மம். அவர்களை விடுதியில் சேர்ப்பது மேல்நாட்டார் வழக்கம் என்றும் சிலர் பெருமை பேசுவார்கள். பெருமை பேசிப் பயனில்லை. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பத்துக் கோடிக்கு அதிகம். 2021-ல் தமிழ்நாட்டு ஜனத்தொகையில் நூற்றுக்கு 13.6 பேர் அவ்வயதைக் கடந்திருப்பர் என்று சர்க்கார் மதிப்பிட்டது. கேரளத்திற்கு அடுத்தபடி நம் நாடே முதியோர் நாடாகி வருகிறது. பிள்ளைகள் பிழைப்பைத் தேடி அயலூருக்கும் அயல்நாட்டுக்கும் போய்விட்டார்கள். சென்னையிலும் கோவையிலும் முதியோர் இல்லங்கள் பெருகியிருக்கின்றன. இல்லத்திற்கு அனுப்பாதவர்களும் ஏஜென்ஸி மூலம் ஒரு பணிப்பெண்ணை அமர்த்திக் கொள்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் கை கழுவும் முறையை யாராவது கற்பித்தார்களா? உடம்பு சரியில்லாத நாளில் அவளுக்குச் சம்பளம் உண்டா? கர்க்லாண்டில் எழுந்த அதே கேள்விகள் நம் வீட்டு வாசலிலும் நிற்கின்றன.

2007-ம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றாக, 150 ஏழை முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாகாண சர்க்கார்கள் ஏற்படுத்தலாம் என்றும், அவற்றின் நிர்வாகத்திற்கும் தரத்திற்கும் திட்டம் வகுக்கலாம் என்றும் கூறுகிறது. 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் தொற்றுத் தடுப்புக்கென்று தேசிய வழிகாட்டு விதிகளை வெளியிட்டனர். ஆனால் அவை முதன்மையாக ஆஸ்பத்திரிகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள முதியோர் இல்லம் இரண்டிலும் சேராமல் நிற்கிறது.

ஆகவே நாம் கோருவது இது. ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பாளர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு அறையிலும் சோப்பும் தண்ணீரும் கைத் திரவமும் இருக்க வேண்டும். இல்லவாசிகளுக்கும் சிப்பந்திகளுக்கும் ஊசி போடுவது சர்க்கார் கடமையாக வேண்டும். சிப்பந்திகளுக்கு வியாதிக் காலத்தில் சம்பளத்தோடு லீவு சட்டபூர்வமாக வேண்டும். பரிசோதனை செய்யும் அதிகாரியின் ரிப்போர்ட், பைலில் உறங்காமல் ஜனங்கள் பார்க்கத்தக்கபடி பிரசுரமாக வேண்டும். இறந்தவர் எங்கே இறந்தாலும் அவர் வசித்த இல்லத்தின் கணக்கிலேயே எண்ணப்பட வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் உற்றார் ஒருவரேனும் வந்து பார்க்கும் உரிமை மறுக்கப்படலாகாது.

இவற்றுக்கெல்லாம் சர்க்காரையே எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அரசியல் தொண்டில் ஈடுபட்டுள்ள நமது வாலிபர்கள் தங்கள் ஊரிலுள்ள முதியோர் இல்லத்திற்கு ஒரு நாள் போய் வரட்டும். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்க்கட்டும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை தாதிகள் என்று விசாரிக்கட்டும். ஸ்தல ஸ்தாபனக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும். ஓட்டுப் போடும் தினத்தில் மட்டும் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லப்படும் கிழவரும் கிழவியும் மற்ற நாட்களிலும் இத்தேசத்துப் பிரஜைகளே. அவர்களைத் தொடும் கை சுத்தமாயிருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பு நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.